கை தூக்கி அறுத்த லைன்

பாம்பனில் ஒரு விசைப்படகுச் சங்கத்தில் இரண்டு வருஷம் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். அந்தச் சங்கத்து ஆட்களில் ஒருவரைக்கூட எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர்கள் பக்கத்து நியாயத்தையும் இரண்டு வரி எழுதியிருக்கலாமே என்று பிறகு யாரும் என்னிடம் கேட்க வேண்டாம். அவர்கள் நியாயத்தைச் சொல்ல அவர்களிடம் மைக் இருக்கிறது. ஊரே கேட்கிற மாதிரி சொல்லிக்கொள்வார்கள்.

எனக்குத் திருப்புல்லாணியிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். வானம் பார்த்த பூமி. அய்யா அடுத்தவர் வயலில் வேலை செய்தவர். நான் ராமநாதபுரத்தில் கம்ப்யூட்டர் படித்தேன். மெட்ராஸுக்கு வேலைக்கு அனுப்ப வீட்டில் பயந்தார்கள். சங்கத்தில் ஆள் கேட்கிறார்கள் என்று தெரிந்ததும் போய்ச் சேர்ந்துகொண்டேன். தினமும் ராமநாதபுரத்தில் பஸ் மாறி, பாலம் தாண்டிப் போக வேண்டும். அதுவரை கடலை ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. அந்தக் கட்டடத்தில் நான் ஒருத்திதான் பெண். 'வயக்காட்டுப் புள்ள' என்று பெயர் வைத்தார்கள். வயலில் வேலை செய்தால் அவமானம் என்று அவர்களுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை.

என் வேலை சீட்டு அடிப்பது. படகு கடலுக்குப் போக அரசாங்கக் கவுண்டரில் டோக்கன் வாங்க வேண்டும். டோக்கன் வாங்க, சங்கத்துச் சீட்டு வேண்டும். படகு நம்பர், ஓட்டுகிற டிரைவர் பெயர், கூடப் போகிறவர்கள் பெயர் எல்லாம் அதில் இருக்கும். முன்பு கையால் எழுதித்தான் கொடுத்தார்கள். ஒரே சீட்டை இரண்டு படகுக்காரர்கள் காட்டி ஏமாற்றியதில், இனிமேல் சங்கத்துக் கம்ப்யூட்டரில் அடித்த சீட்டைத் தவிர வேறு எதையும் வாங்கக் கூடாது என்று தலைவரே கவுண்டரில் எழுதிக் கொடுத்துவிட்டார். ஆக, நான் சீட்டு அடித்தால் படகு போகும். அடிக்காவிட்டால் போகாது.

கம்ப்யூட்டர், சங்கத்துச் செயலாளரின் அக்கா மகன் கொண்டுவந்து வைத்தது. அவன் மதுரையில் ஏதோ கம்பெனியில் வேலை பார்த்தான். பழைய பெட்டி ஒன்றில் லினக்ஸ் போட்டு, சீட்டு அடிக்கிற புரோகிராமையும் அவனே எழுதிக் கொடுத்திருந்தான். லினக்ஸ் என்றால் காசு கிடையாது, வைரஸ் வராது என்று சொன்னதும் சங்கத்தில் எல்லோருக்கும் திருப்தி. புரோகிராம் நன்றாகவே இருந்தது. பிரவுசரைத் திறந்தால் படகு நம்பர் கேட்கும், அடித்தால் பக்கத்தில் பிரிண்டர் கடகடவென்று சீட்டைத் துப்பும். இன்டர்நெட் எதுவும் கிடையாது, என்றைக்காவது வாங்கினால் ஆகட்டும் என்று ஒரு கேபிள் மட்டும் செருகிக் கிடந்தது. புரோகிராம், படகு விவரம், பிரிண்டர் எல்லாமே அந்த ஒரு பெட்டிக்குள்தான்.

அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. எதுவாக இருந்தாலும் கூட்டம் போட்டு, கை தூக்கி முடிவு செய்வார்கள். ஒரு முறை கை தூக்கிவிட்டால் அதோடு சரி. தலைவர் நினைத்தாலும் மாற்ற முடியாது. மறுபடி கூட்டம் கூடி, மறுபடி கை தூக்கினால்தான் மாறும். தலைவரின் சொந்த மச்சானே ஒரு தடவை தீர்மானத்தை மீறி வலை போட்டுவிட்டு வந்தார். அவர் படகுக்குச் சீட்டு கொடுக்காதே என்று தலைவர் என்னிடம் வந்து சொன்னார். படகு கரையில் நின்று வெயிலில் காய்ந்தது. அவர்களிடம் நான் மதித்த ஒரே விஷயம் அதுதான்.

வருஷா வருஷம் மீன் குஞ்சு பொரிக்கிற காலத்தில் கடலுக்குப் போகத் தடை உண்டு. தடைக்காலத்தில் சங்கத்து அலுவலகத்தைப் பூட்டிவிடுவார்கள். நான் வீட்டில் இருப்பேன். அவர்கள் படகுக்குப் பெயிண்ட் அடிப்பார்கள், எஞ்சினைப் பிரித்து மாட்டுவார்கள், வலையைச் சரிசெய்வார்கள். அப்படியும் பொழுது மிஞ்சினால் கூட்டம் போடுவார்கள். பொழுது நிறையவே மிஞ்சும்.

அந்த வருஷம் தடை முடிகிற நாளுக்கு முதல் நாள் காலையில் நான் வேலைக்குத் திரும்பினேன். மறுநாள் விடிந்தால் எல்லாப் படகும் கடலுக்குப் போகும். தடை முடிந்த முதல் நாள் இறால் அள்ளிக்கொண்டு வரும் என்பதால் அந்த ஒரு நாளுக்காக எல்லோரும் கடன் வாங்கிக் காத்துக் கிடப்பார்கள். அன்று பகலெல்லாம் நான் அத்தனை படகுக்கும் சீட்டு அடிக்க வேண்டும். பஸ்ஸைவிட்டு இறங்கி வழக்கமான கடையில் டீ கேட்டேன். "வாம்மா, ஊர்ல மழ உண்டா" என்று எப்போதும் கேட்கிற டீக்கடைக்காரர் முகத்தைப் பார்க்காமல் கிளாஸை வைத்துவிட்டுப் போனார். படகுத்துறைப் பக்கம் ஐஸ் பெட்டி கழுவிக்கொண்டிருந்த பெண்கள் நான் தாண்டிப் போகும்வரை பேச்சை நிறுத்தினார்கள். யாரோ செத்துப் போயிருக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கம்ப்யூட்டரைப் போட்டேன். எழுந்து வரவே நேரம் பிடித்தது. வந்ததும், இந்தக் கம்ப்யூட்டரின் முகவரியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று ஒரு பெட்டிச் செய்தி காட்டியது. பிரவுசரில் சீட்டுப் புரோகிராமைத் திறந்தால், இணைக்க முடியவில்லை என்றது. பிரிண்டரில் பச்சை விளக்கு எரிந்தது, காகிதம் இருந்தது. ஒரு வெற்றுப் பக்கத்தை அச்சடிக்கச் சொன்னால் அதுவும் முடியாது என்றது.

செயலாளர் பின்னால் வந்து நின்றார். நாலு படகுக்குச் சொந்தக்காரர். பேசும்போது நம்மைப் பார்க்க மாட்டார், நமக்குப் பின்னால் சுவரில் யாரோ நிற்பது மாதிரி அங்கே பார்த்துப் பேசுவார். என்னம்மா, பொட்டி முரண்டு பிடிக்குதா என்று கேட்டார். குரலில் கவலை இல்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

அந்தக் கரையில் எது கெட்டாலும் முதலில் உப்பைத்தான் சந்தேகப்பட வேண்டும். பெட்டியின் பக்கவாட்டைக் கழற்றி, மெமரி அட்டைகளை உருவி, அழிரப்பரால் அவற்றின் பல் வரிசையைத் தேய்த்துச் சுத்தம் செய்து திரும்ப மாட்டினேன். தடைக்காலத்தில் பூட்டிக் கிடந்த அறையில் அவற்றில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. ஆனால் தேய்த்ததால் எதுவும் மாறவில்லை. அதே செய்தி, அதே பிடிவாதம்.

அதற்குள் வாசலில் ஆட்கள் சேர ஆரம்பித்துவிட்டார்கள். ஒவ்வொருவராக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் வேறு விதமாக யோசித்தேன். படகு விவரம் வைத்திருக்கிற டேட்டாபேஸ் ஒரு சமாச்சாரம், பிரிண்டர் இன்னொரு சமாச்சாரம். இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. இரண்டும் ஒரே நாளில் படுக்கின்றன என்றால் இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்றுதான் போயிருக்க வேண்டும். டேட்டாபேஸ் ஏன் எழவில்லை என்று அதன் பதிவில் போய்ப் பார்த்தேன். 127.0.0.1 என்ற முகவரி தனக்குக் கிடைக்கவில்லை என்று கடைசி வரியில் புலம்பியிருந்தது.

127.0.0.1 என்பது கம்ப்யூட்டர் தன்னைத்தானே கூப்பிட்டுக்கொள்கிற எண். ஒரே பெட்டிக்குள் ஒரு புரோகிராம் இன்னொரு புரோகிராமிடம் பேச வேண்டுமென்றால் அதற்கு ஒரு உள்வழி இருக்கிறது. லூப்பேக் என்பார்கள். லினக்ஸில் அதற்கு எல்-ஓ என்று இரண்டெழுத்துப் பெயர். அது வெளியே எங்கும் போகாது. போன இடத்திலேயே திரும்பி வரும். நான் அந்த எண்ணுக்கு ஒரு குரல் கொடுத்துப் பார்த்தேன். நெட்வொர்க்கை எட்ட முடியவில்லை என்று பதில் வந்தது. தன்னையே எட்ட முடியாத ஒரு கம்ப்யூட்டரை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன்.

என்னென்ன லைன் இருக்கிறது, காட்டு என்று கம்ப்யூட்டரிடம் கேட்டேன். வழக்கமாக இரண்டு வரும். வெளியே கேபிள் போகிற லைன் ஒன்று, இந்த எல்-ஓ ஒன்று. அன்று எதுவும் வரவில்லை. கேள்விக்கு அடியில் வெற்றிடம், அதற்கடியில் கர்சர் மினுக்கிக்கொண்டு நின்றது. லைன்களை எழுதி வைத்திருக்கிற கோப்பைத் திறந்தேன். இரண்டு லைனுக்குமான வரிகளும் துடைத்து எடுக்கப்பட்டிருந்தன. உப்பு இப்படி வரி பார்த்து அரிக்காது. ஒரு ஆள் உட்கார்ந்து அழித்தால்தான் இப்படிப் போகும்.

திரும்பி, யார் இதைத் தொட்டது என்று செயலாளரிடம் கேட்டேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"கூட்டத்துல போட்டு எடுத்தாச்சும்மா. ஒருத்தன் விடாமக் கை தூக்கிட்டாங்க."

பிறகு அவர் விளக்கியதிலிருந்து எனக்குப் புரிந்தது இது. தடைக்கு முன்னால் கடைசியாகக் கடலுக்குப் போன அன்று சங்கத்துப் படகுகள் சில கரையை ஒட்டி வலை இழுத்திருக்கின்றன. கரையோரம் நாட்டுப்படகுக்காரர்களுக்கு உரியது. அவர்கள் சும்மா விடவில்லை. படகுகள் திரும்பி வரும்போது துறையில் காத்திருந்து மடக்கினார்கள். அன்று கடலுக்குப் போன ஒவ்வொரு படகின் நம்பரும் அவர்கள் கையில் இருந்தது. எப்படிக் கிடைத்தது? தடைக்காலக் கூட்டத்தில் இதுதான் பேச்சு. கம்ப்யூட்டர்தான் நம்பரை வெளியே சொல்லியிருக்கிறது என்று செயலாளர் எழுந்து சொல்லியிருக்கிறார். அக்கா மகனை மதுரையிலிருந்து வரவழைத்து, அலுவலகத்தைத் திறந்து, கூட்டத்துக்கு முன்னால் கம்ப்யூட்டர் திரையைக் காட்டச் சொல்லியிருக்கிறார். கேபிளைப் பிடுங்கிவிட்டார்கள். பிடுங்கிய பிறகும் திரையில் எல்-ஓ என்று ஒரு லைன் 'ஓடிக்கொண்டிருக்கிறது' என்று காட்டியது. கூட்டமே திகைத்துப் போய்விட்டதாம். கேபிளே இல்லாமல் ஒரு லைன் ஓடுகிறதென்றால் அது திருட்டு லைன் இல்லாமல் வேறென்ன?

எல்லா லைனையும் அறுத்துவிடுவது என்று தீர்மானம். தீர்மானத்தில் என் பெயர் இல்லை என்று செயலாளர் எனக்கு ஆறுதல் சொன்னார். 'கம்ப்யூட்டர் பார்க்கிற ஆள் மூலமாகச் செய்தி வெளியே போனதால்' என்றுதான் எழுதியிருக்கிறதாம். கம்ப்யூட்டர் பார்க்கிற ஆள் அந்தச் சங்கத்தில் என்னைத் தவிர வேறு யார்? தீர்மானத்தை வழக்கம்போல மைக்கில் வேறு படித்திருக்கிறார்கள். டீக்கடைக்காரர் ஏன் முகம் கொடுக்கவில்லை என்று அப்போது தெரிந்தது. செத்தது நான்தான்.

அதுவரை செயலாளரை அண்ணே என்று கூப்பிட்டு வந்தேன். அந்த நிமிஷத்தோடு அதை நிறுத்தினேன்.

வெளியே போய் நின்று அக்கா மகனுக்குப் போன் போட்டேன். எல்-ஓ என்றால் என்னவென்று உனக்குத் தெரியாதா என்று கேட்டேன். தெரியும் என்றான். "நூறு பேரு முன்னாடி அது உள்ளுக்குள்ள ஓடுறதுன்னு சொன்னா, நானும் சேந்து மறைக்கேம்பாங்கக்கா. எடுத்துட்டா சத்தம் அடங்கும்னு பாத்தேன். நீங்க வந்து கமுக்கமாப் போட்டுக்கிருவீங்கன்னு நெனச்சேன்" என்றான். படித்த கோழை. தன் மாமன் முன்னால் வாயைத் திறக்கப் பயந்து என் தலையில் கட்டிவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறியிருக்கிறான். போனை வைத்தேன். உள்ளே வந்து முதல் வேலையாக, கம்ப்யூட்டரில் எதையும் மாற்றுவதற்கான தலைமைப் பாஸ்வேர்டை மாற்றினேன்.

கமுக்கமாகப் போட்டிருக்க முடியும். ஒரே ஒரு வரி. அடித்து எண்டர் தட்டினால் எல்-ஓ எழுந்து உட்காரும், டேட்டாபேஸும் பிரிண்டரும் பின்னாலேயே வரும். ஆனால் நாளைக்கு எவனாவது திரையில் அந்த இரண்டெழுத்தைத் திரும்பப் பார்த்தால்? பார்த்தீர்களா, கூட்டம் அறுத்த லைனை இவள் திருட்டுத்தனமாக ஒட்டியிருக்கிறாள் என்பார்கள். அப்புறம் நான் எந்தக் கடலில் மூழ்கிச் சத்தியம் செய்தாலும் எடுபடாது. அறுத்தது கூட்டம். ஒட்டுவதும் கூட்டமாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

தலைவர் வந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. மைக்கைக் கொடுத்தால் போதும், சந்தோஷமாக இருப்பார். நடந்ததைச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். ஒரு வரிதானே, போட்டுவிடேன் என்று சொல்ல அவருக்கும் ஆசைதான். ஆனால் சொந்த மச்சான் படகைக் கரையில் காய வைத்தவர். கூட்டம் கூட்டாமல் முடியாது என்று அவரே சொல்லிவிட்டு மாடி ஏறினார். சற்று நேரத்தில் கட்டடத்து உச்சியிலிருந்த ஒலிபெருக்கிக் குழாய் அலறியது. அவசரக் கூட்டம், எல்லோரும் வரவும்.

மத்தியானம் கூட்டம். அலுவலகத்துக்குள் இடம் கொள்ளாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டெல்லாம் நின்றார்கள். டீசல் வாசனை, வியர்வை, புதுப் பெயிண்ட் நெடி. ஏற்கெனவே பாதிப் படகுகளில் ஐஸ் ஏற்றியாகிவிட்டது. என்னைப் பேசச் சொன்னார் தலைவர்.

எல்-ஓ வெளியே போகிற லைன் இல்லை, இந்தப் பெட்டிக்குள்ளேயே புரோகிராமும் பிரிண்டரும் பேசிக்கொள்கிற வழி, அடுப்படியில் நிற்கிறவள் கூடத்தில் இருக்கிறவரைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி என்று சொன்னேன். பின்னாலிருந்து ஒரு குரல், கூடத்துக்குக் கூப்பிட்டால் தெருவில் கேட்காதா என்றது. சிரித்தார்கள். இன்னொருவர், அது உள்லைன்தான் என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டார். கேபிள் மேஜைமேல் சுருண்டு கிடக்கிறது, வேறு எந்த வழியாகப் போகும் என்று கேட்டேன். செல்போன் மட்டும் கேபிளிலா பேசுகிறது என்றார். அதற்கும் சிரித்தார்கள். நான் சொல்வது புரியவில்லை என்பதல்ல. ஆம்பளைகள் கூடி எடுத்த முடிவு தப்பு என்று வயக்காட்டுப் புள்ள வந்து சொல்கிறாளே என்பதுதான் அங்கே பிரச்சினை.

எனக்குப் பொறுமை போய்விட்டது. அப்போது மேலே கையைக் காட்டிச் சொன்னேன். "தெனம் காலையில சீட்டு வாங்குன படகு நம்பர் பூராத்தையும் மைக்குல வாசிக்கிறது நீங்கதான். குழாய் அங்கன நாட்டுப்படகுத் துறைய பாத்துத்தான் கட்டியிருக்கு. அவுகளுக்குக் கம்ப்யூட்டர் எதுக்கு? காது போதும்."

சிரிப்பு நின்றது. ஆட்களைக் கூட்டுவதற்காக நம்பர் வாசிப்பது தலைவரின் வேலை. தினமும் ராகம் போட்டு வாசிப்பார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நியாயமாகப் பார்த்தால் அங்கேயே விஷயம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. தலைவரையே குற்றம் சொல்கிறாயா என்று செயலாளர் எழுந்தார். பொம்பளைக்கு இவ்வளவு வாயா என்று ஜன்னல் பக்கமிருந்து வந்தது. உண்மையைக் கேட்டால் மனிதர்களுக்கு வெட்கம் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கோபம்தான் வந்தது.

தலைவர் கையமர்த்தினார். நான் என் நிபந்தனையைச் சொன்னேன். இரண்டு தீர்மானம் வேண்டும். எல்-ஓ லைனைத் திரும்பப் போடலாம் என்று ஒன்று. கம்ப்யூட்டர் பார்க்கிற ஆள் மூலமாகச் செய்தி எதுவும் வெளியே போகவில்லை என்று ஒன்று. இரண்டையும் மைக்கில் படிக்க வேண்டும். தலைவர் சரி சரி என்றார். முதல் தீர்மானத்தைப் படித்தார். அறை முழுக்கக் கை எழுந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்றவர்கள் கம்பியை விட்டுவிட்டுக் கை தூக்கினார்கள். இரண்டெழுத்து லைன் ஒன்று அத்தனை பேர் சாட்சியாக நிரபராதி ஆனது.

அவ்வளவுதான், கூட்டம் கலைய ஆரம்பித்தது. டீசல் போடணும், சாமான் ஏத்தணும் என்று எழுந்துவிட்டார்கள். ரெண்டாவது தீர்மானம் என்று நான் சத்தமாகக் கேட்டேன். அது ஒண்ணும் அவசரமில்லை, அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம், நீ முதலில் லைனைப் போடு என்றார் தலைவர். நான் கம்ப்யூட்டருக்கு முன்னாலிருந்த நாற்காலியிலிருந்து எழுந்து, சுவரோரம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"இவ என்ன போடறது" என்று செயலாளர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா மகனுக்குப் போன் போட்டுக் காதில் இடுக்கிக்கொண்டார். அவன் மதுரையிலிருந்து எழுத்து எழுத்தாகச் சொல்ல, இவர் ஒற்றை விரலால் சாவியைத் தேடித் தேடிக் குத்தினார். எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். கடைசியில் கம்ப்யூட்டர் தலைமைப் பாஸ்வேர்டு கேட்டது. அவன் சொன்ன பழையதை அடித்தார். தவறு என்றது. மறுபடி அடித்தார். மறுபடி தவறு என்றது. போனுக்குள் அக்கா மகன் ஏதோ சொன்னான். செயலாளர் மெதுவாகத் திரும்பி, முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"பாஸ்வேர்டு என்னம்மா?"

"அது எங்கிட்ட இருக்கு. ரெண்டாவது தீர்மானம் உங்ககிட்ட இருக்கு" என்றேன்.

சத்தம் கிளம்பியது. திமிர் என்றார்கள், வேலையை விட்டுத் தூக்கு என்றார்கள். தூக்குங்கள், நாளைக்குப் படகு எப்படிப் போகிறதென்று பார்ப்போம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பயமாகத்தான் இருந்தது. அத்தனை ஆம்பளைகள், ஒரே வாசல். அந்த வேலை போனால் என் வீட்டில் சோற்றுக்கு வேறு வழியில்லை. ஆனால் கள்ளி என்று பெயர் வாங்கிக்கொண்டு தினமும் அந்த டீக்கடையைத் தாண்டிப் போவதைவிட வேலை போவது மேல் என்று அந்த நேரத்தில் உறுதியாகப் பட்டது.

அப்போது பெரிய படகு ஒன்றின் டிரைவர் முன்னால் வந்தார். ஐம்பது வயசிருக்கும், எனக்காக அதுவரை ஒரு வார்த்தை பேசியிராத மனுஷர். "அது கேக்குறத சொல்லித் தொலைங்கப்பா. ஐஸ் கரையுது" என்றார்.

அந்த ஒரு சொல்லுக்குத்தான் அங்கே மரியாதை இருந்தது. ஆமாம், ஐஸ் கரைகிறது என்று நாலு பக்கமும் சொன்னார்கள். தலைவர் தீர்மானத்தைப் படித்தார். கை எழுந்தது. முதல் தடவை போல ஒரே வீச்சில் எழவில்லை, ஒருவரைப் பார்த்து ஒருவராக எழுந்தது. செயலாளர் கடைசியாக, தோளுக்கு மேல் போகாமல் ஒரு கையைத் தூக்கினார். தலைவர் மாடி ஏறி மைக்கில் படித்தார். டீசல் விநியோக அறிவிப்புக்கும் ஐஸ் பிளாக் அறிவிப்புக்கும் நடுவில் வைத்து, ஒரே மூச்சில் படித்தார். கேட்க வேண்டியவர்கள் கேட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நாற்காலியில் உட்கார்ந்து அந்த ஒரு வரியை அடித்தேன். 127.0.0.1 உடனே பதில் சொன்னது. டேட்டாபேஸ் எழுந்தது, பிரிண்டர் கனைத்துக்கொண்டு தலையை அசைத்தது. கையால் அடித்தது கம்ப்யூட்டரை நிறுத்தினால் போய்விடும் என்பதால், கோப்பிலும் எல்-ஓவுக்கான வரிகளைத் திரும்ப எழுதினேன். எழுதாமல் விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. மறுநாள் அவர்கள் திண்டாடுவதைப் பார்க்க எனக்கு ஆசை இருந்தது. ஆனாலும் எழுதினேன். அது என் வேலை. பொழுது சாய்வதற்குள் அத்தனை படகுக்கும் சீட்டு அடித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார்கள்.

படகுகள் விடியலில் போயின. அதற்கு மறுநாள் காலை திரும்பி வந்தன. நல்ல மீன்பாடு. துறை முழுக்கக் கூடை கூடையாக இறால், நண்டு, சங்காயம் என்கிற பொடிமீன். ஐஸ் வண்டிகள் வரிசைகட்டி நின்றன. சங்கத்துக் கட்டடத்தில் எல்லோர் முகத்திலும் சிரிப்பு.

முதல் மீன்பாடு வந்தால் ஒவ்வொரு படகிலிருந்தும் சங்கத்து ஆட்களுக்குக் கறிக்கு மீன் கொடுப்பார்கள். வாட்ச்மேனுக்கு, தண்ணி கொண்டுவருகிறவருக்கு, கம்ப்யூட்டர் பார்க்கிறவளுக்கு. கேட்கவே வேண்டாம், பையில் போட்டு மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். முந்தின வருஷம் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு போய், எங்கள் தெருவுக்கே கொடுத்தோம்.

அன்று நான் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். வாட்ச்மேன் இரண்டு பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். தண்ணி கொண்டுவருகிறவர் சைக்கிளில் ஒரு பையைக் கட்டிக்கொண்டு போனார். ஐஸ் கரைகிறது என்று சொன்ன டிரைவர் வந்தார், மறுநாள் சீட்டுக்குப் பெயர் மாற்ற வேண்டும் என்று சொன்னார், மாற்றிக் கொடுத்தேன், போய்விட்டார். என் மேஜைமேல் கம்ப்யூட்டர் இருந்தது, பிரிண்டர் இருந்தது.

வீட்டுக்குப் போனபோது அம்மா அம்மியில் மசாலா அரைத்து வைத்திருந்தாள். புளி கரைத்து, சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். அய்யா வாசலில் நின்று என் கையைப் பார்த்தார். "என்னத்தா, இன்னைக்கிப் படகு வரலியா?" என்றார். வந்தது என்றேன். அம்மா அந்த மசாலாவில் கத்தரிக்காயை நறுக்கிப் போட்டாள்.

எனக்கு மீன் கொடுக்கக் கூடாது என்று அவர்கள் எந்தக் கூட்டமும் போடவில்லை. யாரும் கை தூக்கவுமில்லை.